சலித்தெடுத்த மண்

அவளுக்கு இடி என்று பெயர் வைத்தவர் அவளுடைய முன்னாள் மாமனார். மகன் கை ஓங்கியதும் மருமகள் அவனைச் சுவரோடு சேர்த்து விட்ட அறையில் கடைவாய்ப் பல் ஒன்று தெறித்துத் தரையில் உருண்டது. மனிதர் தெருவுக்கு ஓடிவந்து, "இது பொண்ணா? இடிய்யா, இடி!" என்று அலறினார். கல்யாணம் அதோடு முடிந்தது. பெயர் மட்டும் கூடவே வந்துவிட்டது. பிறகு வேலைக்குச் சேர்ந்த இடத்தில் வயதில் மூத்தவர்கள்கூட அவளை இடியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளுக்கு அதில் வருத்தமில்லை. "அவன் முதல்ல அடிச்சான், நான் கடைசியா அடிச்சேன். அவ்வளவுதான் சண்டை" என்பாள்.

அடி அவளுக்குப் புதிதல்ல. பிறந்து வளர்ந்தது ராணுவத்தின் சுடுதளத்து மதிலை ஒட்டிய தெருவில். மதிலுக்கு அந்தப் பக்கம் சிப்பாய்கள் வரிசையாகப் படுத்துச் சுட்டுப் பழகுவார்கள். சுட்ட குண்டெல்லாம் போய்ப் புதைவதற்கென்று எதிரே ஒரு பெரிய மண்மேடு. பயிற்சி நடக்கும் நாளில் அடுக்கிலிருக்கும் பாத்திரங்கள் தாமாக நகர்ந்து விளிம்புக்கு வந்து நிற்கும். மேட்டைத் தாண்டி வந்த குண்டொன்று பக்கத்து வீட்டு ஆட்டின் கழுத்தைத் துளைத்தது. இன்னொன்று, துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருத்தியின் முழங்கையைப் பிய்த்துக்கொண்டு போனது. அதிகாரி ஒருவர் வந்து பார்த்து, மதிலை உயர்த்துவதாகச் சொன்னார். உயர்த்தினார்கள். அடுத்த வாரம் அதே மதிலுக்குப் பின்னாலிருந்து அதே சத்தம்.

வீட்டுக்குள் அப்பாவின் கை. அந்தத் தெருவில் பெல்ட்டைக் கழற்றாத அப்பா யாருமில்லை. பிள்ளைகள் கல்லெறிந்து மண்டை உடைத்து விளையாடினார்கள். அண்ணனும் அவளும் ஒரே பாயில் ஒருவரையொருவர் உதைத்துக்கொண்டே வளர்ந்தார்கள். வெளியாள் யாராவது கை வைத்தால் மட்டும் இருவரும் ஒரு கட்சி. அந்தத் தெருவுக்கே ஏன் அப்படி ரத்தம் கொதித்தது என்று யாரும் கேட்டதில்லை. காற்று அப்படி, தண்ணீர் அப்படி என்று சொல்லிக்கொண்டார்கள்.

ராணுவம் காலி செய்துகொண்டு போனது. மேடு நின்றது. குண்டு பொறுக்கிகள் மதிலேறிக் குதித்து, மேட்டைக் கிளறி, குண்டுகளை அள்ளிப்போய் உருக்கி விற்றார்கள். பின்னர் அங்கே குடியிருப்பு கட்டப்போவதாகப் பேச்சு வந்தது. மண்ணில் காரீயம் ஊறியிருக்கிறது, அதை அகற்றாமல் ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது என்று உத்தரவானது. சுத்தம் செய்ய ஒரு நிறுவனம் வந்தது. மதிலோரத் தெருவிலிருந்து முதலில் போய் நின்றவள் இடி.

வேலை இதுதான். பொக்லைன் இயந்திரம் மேட்டைச் சுரண்டிக் கொண்டுவந்து, சுழலும் பெரிய சல்லடை உருளைக்குள் கொட்டும். கல்லும் குண்டும் உள்ளேயே நின்று மறுமுனையில் கடகடவென்று பீப்பாயில் விழும். நைசான மண் கண்ணி வழியாக அடியில் இறங்கிக் குவியும். அந்த மண்ணைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்து, பிறகு சிமெண்டோடு பிசைந்து இறுக்கி, எங்கோ ஆழமாகப் புதைக்கக் கொண்டுபோவார்கள். ஆட்கள் தங்களுக்குள் அதை மாவு என்றார்கள். கையில் அள்ளினால் அப்படித்தான் இருக்கும்; ஒரு கல் தட்டாது.

ஆரம்பத்தில் எல்லோரையும் உட்காரவைத்து வகுப்பு எடுத்தார்கள். வந்தவர் தொண்டை வறளக் கத்தியது ஒன்றைத்தான்: தூசி, தூசி, தூசி. தூசிதான் மூக்கில் ஏறும், வாயில் போகும், ரத்தத்தில் கலக்கும். ஆகவே மண்ணை ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். வேலையிடத்தையும் அலுவலகத்தையும் பிரித்துத் தரையில் ஒரு மஞ்சள் கோடு. கோட்டின் இந்தப் பக்கம் அழுக்கு, அந்தப் பக்கம் சுத்தம். நடுவில் குளியலறை. வேலை உடையைக் கழற்றிப் போட்டுவிட்டு, குளித்து, வீட்டு உடை மாற்றிக்கொண்டுதான் கோட்டைத் தாண்டலாம். மண் ஒரு பிடி சுத்தமான பக்கம் சிந்தினாலும் வேலையை நிறுத்தி, அதை அள்ளி, தரையைக் கழுவி, கருவி வைத்துப் பார்த்த பிறகுதான் மறுபடி தொடங்கலாம்.

இடி இதில் புலி. கை கழுவாமல் சிகரெட்டை வாயில் வைத்த ஒருவனைப் பின்னந்தலையில் ஒன்று போட்டாள். சிகரெட் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். "பொண்டாட்டி தாலியறுக்கத்தான் வேலைக்கு வந்தியா?" என்றாள். அவன் எழுந்து ஓடிப்போய் முழங்கை வரை சோப்புப் போட்டான்.

குண்டு பொறுக்கிகள் சும்மா இருப்பார்களா? நிறுவனம் வந்ததும் அவர்கள் பிழைப்பில் மண் விழுந்துவிட்டது. பட்டப்பகலில் கும்பலாக மதிலேறி வந்தார்கள். சிலர் கல்லெறிந்து ஆட்களை ஒதுக்கப் பார்க்க, மற்றவர்கள் பீப்பாய்களை உருட்டினார்கள். காவலாட்கள் கொட்டகைக்குள் புகுந்துகொண்டார்கள். இடி மண்வெட்டியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நடந்தே போனாள். ஒரு கல் அவள் காதைக் கிழித்தது. அவள் நிற்கவில்லை. முன்னால் நின்றவனின் தோளில் இறக்கிய அடியில் எலும்பு முறிந்தது உருளையின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. விழுந்தவன் முகத்தில் மிதித்துத் தாண்டி அடுத்தவனிடம் போனாள். அவனும் மற்றவர்களும் பீப்பாயை விட்டுவிட்டு ஓடினார்கள்.

சூப்பர்வைசர், வெள்ளைச் சட்டை கசங்காத மனிதர், அன்று அவளைச் சல்லடை வரிசைக்குத் தலைவியாக்கினார். "உன்ன மாதிரி இன்னொரு ஆள் இருந்தா காவலுக்கே ஆள் வேணாம்மா" என்றார். காதில் ரத்தம் ஒழுக அவள் சிரித்தாள். அடித்ததற்காக அவளை ஒருவர் பாராட்டியது அதுவே முதல் முறை.

கணவனை விட்டு வந்ததிலிருந்து அவள் இருந்தது அண்ணன் வீட்டில். அண்ணன் வெல்டர். தெருப் பக்கம் பட்டறை, உள்ளே வீடு, இரண்டுக்கும் நடுவே ஒரு முற்றம். அண்ணனுக்கும் அண்ணிக்கும் வெகுநாள் கழித்துப் பிறந்த பெண் குழந்தைக்கு முன்பற்கள் இரண்டு மட்டும் பெரிதாக முளைத்திருந்தன. வீட்டில் எல்லோருக்கும் அவள் எலிக்குட்டி. அத்தையின் அதட்டலுக்குத் தெருவே ஒதுங்கும். எலிக்குட்டி மட்டும் அவள் மூக்கைப் பிடித்துத் திருகும். "ஊரையே ஒரு கை பாக்கறவ, இதுகிட்ட மட்டும் பொட்டிப் பாம்பு" என்று அண்ணி சிரிப்பாள்.

சாக்கடை பொங்கும்போதெல்லாம் அந்த முற்றம் சேறாகும். அதில் வழுக்கி விழுந்து எலிக்குட்டிக்கு ஒருமுறை தாடை கிழிந்தது. மறுநாளிலிருந்து இடி வேலை முடிந்து வரும்போது முற்றத்தை மேடாக்க மாவு மண்ணைச் சாக்கில் கட்டிக்கொண்டு வரத் தொடங்கினாள்.

ஒளித்துத் திருடியதாக அவள் நினைக்கவே இல்லை. வாயிலில் காவலாள் சாக்குக்குள் கையை விட்டுத் துழாவினான். அவன் தேடியது குண்டு. குண்டு இல்லை. "வெறும் மண்ணுதானேக்கா, போங்க" என்றான். அவளும் விதிப்படிதான் நடந்தாள். தூசி எழக் கூடாதே என்று சாக்கை நன்றாக நனைத்த பிறகுதான் தூக்கினாள். காலமெல்லாம் சமையலறையில் சலித்தவள். கீழே இறங்குவது மாவு, மேலே நிற்பது குப்பை. குண்டை எடுத்தாயிற்று, மண்ணை நனைத்தாயிற்று, இனி என்ன?

உண்மை நேர் எதிரானது. முழுக் குண்டு கிடந்த இடத்தில் கிடக்கும். வருஷக்கணக்கான மழையில் அரித்து, உதிர்ந்து, பொடியான ஈயமெல்லாம் இருந்தது அந்த நைசான மண்ணில்தான். கல்லையும் குண்டையும் நீக்கி, விஷத்தை மட்டும் பிரித்தெடுத்து, அவள் அதைத் தன் அண்ணன் மகள் விளையாடும் இடத்தில் பரப்பினாள். நனைந்த மண் வெயிலில் காய்ந்தது. எலிக்குட்டி அதில் வீடு கட்டினாள், புரண்டாள், விரலைச் சப்பினாள். அத்தை வாங்கிக் கொடுத்த சின்ன வாளியில் அள்ளி அள்ளித் தலையில் கொட்டிக்கொண்டாள்.

முதலில் வயிற்றுவலி என்று சுருண்டு படுத்தாள். பிறகு சாப்பாட்டைத் தட்டிவிட்டாள். பேசக் கற்றிருந்த சொற்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. கிட்டே போனால் கடித்தாள். "அத்தையோட கை வாகு வந்துடுச்சு" என்று அண்ணன் கேலி செய்தான். அப்புறம் ஒரு காலை, அந்த முற்றத்திலேயே, கண் மேலே செருகி, கை கால் வெட்டி வெட்டி இழுத்து விழுந்தாள். அண்ணி அவளை அள்ளிக்கொண்டு செருப்பில்லாமல் ஓடினாள்.

மருத்துவமனையில் பெண் மருத்துவர் ரத்த அறிக்கையை மேசையில் வைத்தார்.

"ரத்தத்துல ஈயம். நிறைய. வீட்ல யாரு ஈயத்தோட வேலை செய்யறீங்க?"

எல்லோரும் இடியைப் பார்த்தார்கள். அவள் எழுந்தே விட்டாள்.

"என்னை எதுக்குப் பாக்கறீங்க? நான் குளிச்சு, உடுப்பு மாத்தி, நகத்த வெட்டிட்டு வர்றவ. அந்த வேலைச் செருப்பு ஒரு நாள் நம்ம வாசல் பாத்திருக்கா? அண்ணி, சொல்லுங்க!"

அண்ணி தலையசைத்தாள். அது உண்மைதான்.

"வேற? பழைய பேட்டரி, பெயிண்ட், அந்த மாதிரி?" என்றார் மருத்துவர்.

அண்ணனின் பட்டறை மூலையில் பழைய பேட்டரிகள் அடுக்கியிருந்தன. பழுது பார்த்துக் கொடுப்பது அவனுடைய உபதொழில். மருத்துவர் மேலே பேசிக்கொண்டிருந்தார். குழந்தைக்கு மருந்து கொடுத்து ஈயத்தை இறக்கலாம், ஆனால் விஷம் எங்கிருந்து வருகிறதோ அதை அகற்றாமல் வீட்டுக்கு அனுப்பினால் இன்னொரு முறை இதைவிடப் பெரிதாக இழுக்கும், அப்போது தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். கடைசி வார்த்தை முடியும் முன்பே இடி படியிறங்கிப் போய்விட்டாள்.

அண்ணன் அவளைத் துரத்திக்கொண்டு பட்டறைக்கு வந்து சேர்ந்தபோது, அவள் பேட்டரிகளைத் தூக்கித் தூக்கித் தெருவில் எறிந்துகொண்டிருந்தாள். அமிலம் சிமெண்டில் நுரைத்தது.

"என்னடி பண்றே?"

"உன் பொழப்ப வெளிய எறியறேன். பெத்த புள்ள ரத்தத்துல ஈயத்தக் காய்ச்சி ஊத்தியிருக்கியே, நீயெல்லாம் அப்பனா?"

"வாய அடக்கிப் பேசு. ஈயத்துக்குள்ள பொரண்டுட்டு வர்றவ நீ!"

"நான் குளிச்சுட்டு வர்றேன்டா! நீ குளிச்சு எத்தன நாளாச்சு?"

அவன் அவள் முடியைப் பிடித்து இழுத்துத் தள்ளினான். அவள் பாதி முடிந்திருந்த இரும்புச் சட்டத்தின் மேல் போய் விழுந்தாள். சட்டத்தின் முனை முழங்கையை உரித்தது. எழுந்தபோது அவள் கையில் சுத்தியல் இருந்தது. அவன் மறுபடி பிடிக்க வந்த வலது கையை மேசையோடு அழுத்தி, ஓங்கி ஒரே போடு. விரல்கள் நொறுங்கின. அவன் இடக்கையால் குழாய் ஒன்றை உருவி அவள் நெற்றியில் அடித்தான். புருவம் பிளந்தது. இருவரும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்தபடி அமிலத்துக்குப் பக்கத்திலேயே உருண்டார்கள். அக்கம்பக்கத்தார் வாளித் தண்ணீரை வீசி, நாயைப் பிரிப்பதுபோலப் பிரித்தார்கள்.

அதே மருத்துவமனையில், மகள் மேல்மாடியில் படுத்திருக்க, கீழே அப்பனுக்கு மாவுக்கட்டும் அத்தைக்குத் தையலும் போட்டார்கள். மேலிருந்து இறங்கி வந்த மருத்துவர் இருவரையும் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"நீங்க ரெண்டு பேரும் அந்த மதிலோரத் தெருவுலதானே பொறந்து வளர்ந்தீங்க? உங்களுக்கும் ரத்தம் பாக்கணும். ஈயம் சின்ன வயசுலயே உடம்புல ஏறினா மூளையப் பாதிக்கும். நிதானம் போயிடும், கோபம் வரும்."

இடி ரத்தம் உறைந்த கண்ணைத் திறந்தாள். "அப்போ என் கோபம் என்னோடது இல்லையா?"

"அதப் பிரிச்சுச் சொல்ல ஒரு டெஸ்ட்டும் இல்லம்மா."

தன்னுடையது என்று அவள் நம்பியிருந்த ஒரே சொத்து அதுதான். அதிலும் பங்குக்கு ஆள் வந்ததுபோல் இருந்தது. அப்பாவின் பெல்ட், தெருவின் கல், தன் கை எல்லாவற்றையும் அந்த மேட்டின் கணக்கில் எழுதிவிடலாமா? எழுதினால் கொஞ்சம் நிம்மதிதான். ஆனால் அண்ணனின் கையை மேசையில் அழுத்திப் பிடித்தபோது, எங்கே அடித்தால் அவன் தொழில் போகும் என்று தெரிந்தேதான் அடித்தாள். மண்ணுக்கு அது தெரியுமா?

மருத்துவர் சொல்லியனுப்ப, வேலையிடத்தில் மண்ணிலுள்ள ஈயத்தை அளக்கும் இளைஞன் வீட்டுக்கு வந்தான். ஆட்கள் அவனை மீட்டர் என்பார்கள். அவன் கருவி கைத்துப்பாக்கி போலவே இருக்கும். மூக்கை மண்ணில் அழுத்தி விசையைப் பிடித்தால், பின்புறத்துச் சின்னத் திரையில் எண் ஓடும். பட்டறை மூலையில் வைத்தான்.

"இங்க இருக்கு. கழுவிடணும். ஆனா அந்தக் கொழந்தைக்கு இவ்வளவு ஏற இது போதாது."

சமையலறை, படுக்கை, குடிநீர்க் குழாயடி என்று பார்த்துக்கொண்டே வந்தவன் முற்றத்தில் குந்தினான். விசையைப் பிடித்தான். எண் ஏறியது. கருவியை உதறிவிட்டு இன்னோர் இடத்தில் வைத்தான். அங்கும் ஏறியது. எழுந்து நின்று மண்ணைப் பார்த்தான், பிறகு இடியைப் பார்த்தான். அவனுக்கு அந்த மண்ணின் நிறம் தெரியும்.

"அக்கா... இது நம்ம மாவா?"

அவள் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினாள்.

"மேட்டுலகூட இவ்வளவு இல்லக்கா. சலிச்சு எடுத்ததுலதான் எல்லாமே இருக்கு."

"நனைச்சுத்தான்டா கொண்டுவந்தேன்" என்றாள் அவள். "தூசி வரக் கூடாதுன்னு ஒவ்வொரு சாக்கையும் நனைச்சேன்."

"காஞ்சா தூசிதானேக்கா."

அண்ணியின் கையில் ஒரு பித்தளைச் செம்பு இருந்தது. அதாலேயே அடித்தாள். தோளில், முதுகில், தையல் போட்ட நெற்றியில். இதுவரை ஒரு கொசுவைக்கூட அவள் உரக்கத் திட்டியதில்லை. "எம் புள்ளைக்கு விஷத்த வெச்சு வெளையாடக் குடுத்தியேடி! பாவி! வாளி வேற வாங்கிக் குடுத்தியே!" செம்பு நசுங்கும் வரை அடித்தாள். இடி கையைத் தூக்கவில்லை. அண்ணன் கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான்.

"என் கைய ஒடச்சியே" என்றான், ரொம்ப மெதுவாக. அந்த ஒரு வரி செம்பைவிட ஆழமாக இறங்கியது.

முற்றம் சுத்தமாகும்வரை எலிக்குட்டி வீடு திரும்ப முடியாது. மருத்துவமனையிலோ படுக்கைக்கு ஆட்கள் காத்திருந்தார்கள். இடி சூப்பர்வைசரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் கதவைச் சாத்தினார்.

"எங்க மண்ணு எங்க எல்லைக்குள்ள இருக்கு. உன் வீட்டுல இருக்கறது எங்க மண்ணு இல்ல."

"நான்தான் சார் கொண்டுபோனேன்."

"அப்படி நீ சொல்லவே இல்ல, நான் கேக்கவே இல்ல. வெளி மண்ணு உள்ள வரக் கூடாது. வேலை வேணும்னா வாய மூடிட்டுப் போ."

அவர் பயம் அவளுக்குப் புரிந்தது. மண் வெளியே போனது தெரிந்தால் அவர் சட்டை கசங்கும். புரிந்துகொண்டு என்ன செய்ய? வேறெங்காவது கொட்டலாம். ஆற்றோரம், குப்பைமேடு, காலி மனை. அங்கே வேறொரு பிள்ளை வாளியோடு வரும். அவள் திரும்பி வந்து, வேலை உடையும் முகமூடியும் அணிந்து, முற்றத்தைத் தோண்டத் தொடங்கினாள்.

அண்ணி குழாயை எடுத்து வந்து மண்ணை நனைத்தாள்.

"இன்னும் கொஞ்சம் அடிங்க அண்ணி."

"அடிக்கறேன். வாய மூடிட்டுத் தோண்டு."

அடிமண் வேறு நிறத்தில் தெரியும்வரை தோண்டினாள். மீட்டர் வந்து அளந்தான். இன்னும் என்றான். தோண்டினாள். உள்ளங்கை கொப்புளங்கள் உடைந்து கைப்பிடி வழுக்கியது. தெருக்காரர்கள் எட்டிப் பார்த்து, "என்ன இடி, புதையலா?" என்றார்கள். மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு முற்றத்துச் சுவர்வரை போனாள், தலைகள் மறைந்தன. கடைசியில் மீட்டர் கருவியைத் திருப்பிக் காட்டித் தலையசைத்தான். சாக்குகளையெல்லாம் நனைத்துக் கட்டி, அண்ணனின் சுமை வண்டியில் ஏற்றினாள். அண்ணன் சாவியை மேசையில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சுடுதளத்தின் வாயிலில் காவலாட்கள் குறுக்கே நின்றார்கள். அன்று சாக்குக்குள் துழாவிய அதே ஆள் முன்னால் வந்தான்.

"அக்கா, உள்ள விடக் கூடாதுன்னு உத்தரவு. திரும்பிப் போங்க."

"வெளிய போகும்போது நீதானே வெறும் மண்ணுன்னு சொன்னே? வெறும் மண்ணுதான். விடு."

"அக்கா, சொன்னாக் கேளுங்க..."

அவள் ஒரு சாக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். அவன் தடியைக் குறுக்கே நீட்டினான். தலையால் அவன் மூக்கில் மோதினாள். ரத்தம் கொப்பளிக்க அவன் உட்கார்ந்தான். அலுவலகத்துக்கு எதிரே சிமெண்டுத் தரை, சுத்தமான பக்கம், பளிச்சென்று கழுவிவிட்டிருந்தது. அதன் நடுவில் சாக்கை இறக்கி, கத்தியால் கிழித்து, உதறினாள். ஈர மண் பொத்தென்று விழுந்து பரந்தது.

"எங்க மண்ணு இல்லன்னியே, இப்போ எங்க இருக்கு?" என்று அலுவலக ஜன்னலைப் பார்த்துக் கத்தினாள்.

மற்றவர்கள் அதற்குள் சூழ்ந்துவிட்டார்கள். தடிகள் முதுகில் விழுந்தன. அவள் வண்டிக்கு ஓடினாள், இன்னொரு சாக்கை இழுத்துக்கொண்டு வந்தாள், கிழித்தாள். ஒருவன் பின்னாலிருந்து கழுத்தை நெரித்தான். அவன் முன்கையில் பல்லைப் பதித்தாள். முழங்காலுக்குப் பின்னால் ஓர் அடி, விழுந்தாள். விலாவில் பூட்ஸ் கால். தவழ்ந்தபடியே சாக்கின் வாயைப் பிடித்துக் கவிழ்த்தாள். சூப்பர்வைசர் பதறிக்கொண்டு ஓடிவந்தார். ஈர மண்ணில் கால் வழுக்கி மல்லாந்து விழுந்தார். வெள்ளைச் சட்டை முதுகெல்லாம் சேறு.

"அடிங்கடா! போலீசக் கூப்பிடுங்க!"

"கூப்பிடு. மண்ணத் திருடினேன், திருப்பிக் கொண்டுவந்தேன்னு நானே சொல்றேன். யாரு மண்ணுன்னு கேப்பாங்கல்ல? நீயும் சொல்லு."

யாரும் கூப்பிடாமலே மீட்டர் வந்தான். கருவியைச் சிமெண்டில் கிடந்த மண்ணில் அழுத்தினான்.

"சார்... மேட்டு மண்ணுதான் சார். சுத்தமான பக்கம் கெடக்கு. வேலைய நிறுத்தி இத அள்ளணும். விதி சார்."

சல்லடை உருளையின் இரைச்சல் அடங்கியது. ஆட்கள் முகமூடியோடு மஞ்சள் கோடு வரை வந்து நின்றார்கள். பொக்லைன் ஓட்டுகிறவர் முதலில் மண்வாரியை எடுத்தார். தரையில் கிடந்ததை அள்ளிவிட்டு நேராக வண்டிக்குப் போய், மிச்ச சாக்குகளை இறக்கத் தொடங்கினார்.

"அதத் தொடாதே! அது வெளி மண்ணு!" என்று சூப்பர்வைசர் கத்தினார்.

"ஒரே மண்ணு சார். பாதிய அள்ளி மீதிய விட்டா காத்துல உள்ளதான் பறந்து வரும். அப்புறம் மறுபடி வேலைய நிறுத்தணும். உங்களுக்குத்தான் செரமம்" என்றார் ஓட்டுநர் பணிவாக. பின்னால் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள்.

இடியைத் தாண்டிப் போகும்போது அவர் குனிந்து, காதருகே கேட்டார். "அக்கா, நான் எங்க வீட்டுப் பூந்தொட்டிக்கு ரெண்டு சாக்கு எடுத்துட்டுப் போனேன். அதுவுமா?"

அவள் வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினாள். "நனைச்சுக் கொண்டுவா."

விலா எலும்பு முறிந்திருந்தது. மூக்குடைந்த காவலாளுக்காக அவள் மேல் வழக்கு. வேலை அன்றே போனது. மண் திருட்டைப் பற்றி மட்டும் எந்தப் புகாரிலும் ஒரு வார்த்தை இல்லை. ஆனால் அடுத்தடுத்த நாட்களில் ஆட்கள் ஒவ்வொருவராகத் தயங்கித் தயங்கிச் சாக்கோடு அந்த வாயிலுக்கு வந்தார்கள். வாங்கி உள்ளே போடுவதைத் தவிர சூப்பர்வைசருக்கு வேறு வழி இருக்கவில்லை.

காவல் நிலையத்திலிருந்து வந்தவளை அண்ணி வாசலிலேயே நிறுத்தினாள். முற்றத்தில் அண்ணன் இடக்கையாலேயே சிமெண்டு பூசி முடித்திருந்தான். பூச்சு மேடு பள்ளமாக இருந்தது.

"நாளைக்கு எம் பொண்ணு வர்றா. நீ இந்த வீட்டுக்குள்ள வரக் கூடாது."

"சரி அண்ணி."

"சண்ட போடலியா?"

"இல்ல அண்ணி."

அவள் தெருமுனையில் ஓர் அறை எடுத்துக்கொண்டாள். மறுநாள் எதிர்ப்பக்க நடைபாதையில், விலாவைப் பிடித்தபடி நின்றாள். அண்ணி எலிக்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். குழந்தை இளைத்துப் போயிருந்தாள்; முன்பற்கள் இன்னும் பெரிதாகத் தெரிந்தன. அத்தையைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்ததா என்று சொல்ல முடியவில்லை. கதவு சாத்திக்கொண்டது.

வெகு நேரம் கழித்து அண்ணன் வெளியே வந்தான். தெருவைக் கடந்து, ஒரு கை தூரம் விட்டு உட்கார்ந்தான்.

"ஈயம் எறங்க ஆரம்பிச்சிருக்காம். மாசாமாசம் ரத்தம் பாக்கணும். பேச்சு முழுசா வருமான்னு டாக்டர் சொல்ல மாட்டேங்கறாங்க."

அவள் தலையசைத்தாள். வாயைத் திறந்தால் அழுதுவிடுவோம் என்று பயமாக இருந்தது. அவளை அப்படி யாரும் பார்த்ததில்லை.

"ஒரு கிரில் கதவு பாதியில நிக்குது. ஆள் வந்து கத்திட்டுப் போறான். என்னால கம்பியப் பிடிக்க முடியல."

"நான் பிடிக்கறேன்."

"பட்டறைக்குள்ள மட்டும். முற்றத்துப் பக்கம் ஒரு காலை வெச்சே, அவ உன்னக் கொன்னுடுவா. இந்தத் தடவ நான் தடுக்க மாட்டேன்."

"போன தடவ மட்டும் தடுத்தியா?"

அவன் கட்டுப்போட்ட கையை மடியில் மாற்றி வைத்துக்கொண்டான். சிரிக்கவில்லை. எழுந்து பட்டறைப் பக்கம் நடந்தான். அவள் ஒரு கையால் சுவரைப் பிடித்து எழுந்து, வெல்டிங் தலைக்கவசம் எந்த ஆணியில் தொங்குகிறது என்று கேட்டுக்கொண்டே பின்னால் போனாள்.